குகை மீட்பைப் பற்றி இணையத்தில் எழுதுவது எப்படி: எதைத் திறப்பது, எதை மூடுவது, எப்போது? முழுமையான வழிகாட்டி

குகைக்குள் ஒருவர் சிக்கிக்கொண்டார் என்று செய்தி வெளியே வந்த அரை மணி நேரத்தில் மூன்று கேள்விகள் வந்துவிடும். யார்? எந்தக் குகை? எப்படி நடந்தது? இதில் முதல் கேள்விக்கான விடையால் குடும்பத்தைத் தவிர யாருக்கும் பயனில்லை. இரண்டாவது, மீட்கப் போகிறவர்களுக்கு மட்டும் வேண்டும். மூன்றாவதுதான் நம் எல்லாருக்கும் வேண்டியது, ஏனென்றால் அடுத்த மாதம் அதே மாதிரி ஒரு கயிற்றில் இறங்கப் போவது நாம்தான். ஆனால் நடப்பதோ தலைகீழ். பெயர் முதல் நாளே பரவிவிடுகிறது, ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் படம் இரண்டாம் நாள் வருகிறது, எதனால் நடந்தது என்ற விவரம் மட்டும் யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் வருடக்கணக்கில் தூங்குகிறது.

நான் குகைக் குழு ஒன்றின் இணைய உரையாடலைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன், சம்பவ அறிக்கைகளும் எழுதுகிறேன். தனியுரிமையா, வெளிப்படைத்தன்மையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லும் வாதம் எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. மூட வேண்டியது ஆளை, திறக்க வேண்டியது காரணத்தை. அதிலும் இன்று மூடியிருக்க வேண்டிய ஒரு தகவலை மூன்று மாதம் கழித்துத் திறந்தே ஆக வேண்டியிருக்கலாம். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இது இணையம் கொண்டுவந்த நோய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1925 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் சாண்ட் கேவ் என்ற குகையில் ஃபிளாய்ட் காலின்ஸ் என்பவரின் காலை ஒரு பாறை பிடித்துக்கொண்டது. மெலிந்த உடல்வாகு கொண்ட ஒரு நிருபர் அந்தக் குறுகலுக்குள் நுழைந்து அவரோடு பேசி எழுதினார், அடுத்த வருடம் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மேலே ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடி, தின்பண்ட வியாபாரம் வரை நடந்தது. இதெல்லாம் விளம்பரத்துக்காகப் போட்ட நாடகம் என்று ஒரு வதந்தி கிளம்பி, அவர் இன்னும் அடியில் கிடக்கும்போதே அதைப் பற்றி இராணுவ விசாரணை நடத்த வேண்டி வந்தது. பிப்ரவரி 16-இல் அவரை எட்டியபோது அவர் உயிரோடு இல்லை. நூறு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்தக் கூட்டம் கைபேசிக்குள் கூடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

படி 1: யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விபத்து நடப்பதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை இது. மூன்று வட்டங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்வட்டத்தில் மீட்பை நடத்துபவர்களும் குடும்பமும். அவர்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும்: பெயர், வயது, உடம்பில் இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை, குகையின் வரைபடம், எந்த இடத்தில் கிடக்கிறார் என்பது வரை. நடுவட்டத்தில் குகைக்குள் இறங்கும் பழக்கமுள்ளவர்கள். அவர்களுக்குக் காரணம் வேண்டும், ஆனால் அது பிறகு; இப்போதைக்கு உதவிக்கு ஆள் வேண்டுமா என்பது மட்டும் தெரிந்தால் போதும். வெளிவட்டம் பொதுமக்கள்.

பெரும்பாலான கசிவுகள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. உள்வட்டத்துக்கு என்று எழுதிய செய்தி நடுவட்டக் குழுவில் தவறி விழுகிறது, அங்கிருந்து ஒருவர் நல்லெண்ணத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார். அதனால் மீட்பு அழைப்புக்கான குழுவையும் அரட்டைக்கான குழுவையும் ஒன்றாக வைக்காதீர்கள். இருநூறு பேர் இருக்கும் குழுவை ‘நம்ம குழு’ என்று நம்புவது பெரிய ஆபத்து. இருநூறு பேருக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்தது போலத்தான்.

படி 2: முதல் சில மணி நேரம்

விதி ஒன்றே ஒன்று. குடும்பத்துக்கு நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லி முடிக்கும் வரை பெயரோ, பெயரை யூகிக்க வைக்கும் எதுவுமோ வெளியே போகக் கூடாது. கடைசிப் பாதிதான் கஷ்டம். ‘நான்கு பேர் கொண்ட குழு, சிக்கியவர் அதில் இருந்த பெண்’ என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார். பெயர் சொல்லவில்லையே என்றுதான் அவர் நினைத்தார். அந்த நால்வரில் பெண் ஒருவர்தான் என்பது அன்று காலை அவர்கள் போட்ட படத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். மீட்புக் குழு அந்தப் பெண்ணின் அம்மாவை அழைப்பதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் போய் அவரை விசாரித்துவிட்டார்! குகைக்குள் என்ன நிலை என்று சொல்ல ஆளே இல்லாமல் அந்த அம்மா கழித்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு பதறுகிறது.

2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் இருந்து பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் மீட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜூலை 8 அன்று முதல் நான்கு பேர் வெளியே வந்தபோது, உலகமே பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றும் அதிகாரிகள் சொல்லவில்லை. இன்னும் பிள்ளை உள்ளே இருக்கும் பெற்றோர் அதே இடத்தில்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். பெயர்ப் பட்டியல் வந்தால் யாருடைய பிள்ளை வரவில்லை என்ற பட்டியலும் கூடவே வந்துவிடும் அல்லவா? மீட்பில் இருந்தவர்களின் ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்டதற்கும் ட்ரோன் பறக்கவிட்டதற்கும் ஊடகத்தார் சிலரை அதிகாரிகள் அப்போது கண்டித்தார்கள். உங்களிடம் ரேடியோ இருந்து பேச்சு காதில் விழுந்தாலும் அதைப் பதிவாக மாற்றாதீர்கள். குகைக்குள் இருந்து வரும் முதல் தகவல் பல கை மாறி வருவது, பாதி தவறாகவே இருக்கும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்றால், அதுவும் தப்பு. தகவல் வராத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒருவரைப் பேச விடுங்கள், அவர் குறித்த நேரத்துக்கு ஒரு முறை எழுதட்டும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும். இப்படி இருந்தால் போதும்:

‘மாலை 6.10. குகை மீட்பு நடவடிக்கை நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒருவருக்கு உதவி தேவைப்படுகிறது. போதிய ஆட்கள் வந்துவிட்டார்கள். அழைக்கப்படாதவர்கள் வர வேண்டாம், பாதை அடைபடுகிறது. அடுத்த செய்தி இரவு 8 மணிக்கு.’

நேரம் இருக்கிறது, பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது, அடுத்து எப்போது என்பது இருக்கிறது. ‘இன்னும் இரண்டு மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிடுவோம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ரெச்சர் ஒரு குறுகலில் மாட்டினால் இரண்டு மணி நேரம் பத்தாகிவிடும், அந்த எட்டு மணி நேரத்தையும் குடும்பம் உங்கள் பதிவைப் பார்த்தபடி கழிக்கும்.

படி 3: படங்கள்

படத்தில் தெரிவது ஒன்று, படத்துக்குள் இருப்பது இன்னொன்று. கைபேசியில் எடுத்த படத்தோடு எடுத்த நேரமும், அனுமதித்திருந்தால் இடத்தின் ஆயத்தொலைவும் சேர்ந்தே சேமிக்கப்படும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடுகிறது, ஆனால் தரம் குறையக் கூடாது என்று அதையே ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். மீட்பில் நல்ல தரமான படம் கேட்பவர்கள் ஆவணமாகத்தான் கேட்பார்கள். ஆக, அனுப்பும் முன் இட விவரத்தை நீக்குங்கள், அல்லது அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள்.

அப்புறம் கண்ணுக்குத் தெரிவது. நானே ஒரு முறை குகைவாயின் படத்தைப் போட்டேன், முகம் எதுவும் இல்லை, இடத்தின் பெயர் இல்லை, பத்திரமாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். படத்தின் ஓரத்தில் நின்ற வண்டியின் எண் பலகை தெளிவாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் வண்டி யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலிருந்து படத்தை நான்கு ஓரமும் பெரிதாக்கிப் பார்க்காமல் போடுவதில்லை. ஹெல்மெட்டில் ஒட்டிய பெயர், பையில் எழுதிய குழுப் பெயர், பின்னால் தெரியும் மலை முகடு எல்லாவற்றையும் பாருங்கள். காயம்பட்டவர் ஸ்ட்ரெச்சரில் இருக்கும் படத்தை, முகத்தை மறைத்தாலும், அவர் தேறிவந்து சம்மதிக்கும் வரை போடவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த உடையை அவருடைய பிள்ளைக்கு அடையாளம் தெரியும்.

படி 4: சம்மதம் என்றால் என்ன

வலியிலும் குளிரிலும் இருப்பவர் ‘போட்டுக்கோங்க’ என்று சொன்னால் அது சம்மதம் ஆகாது. உடல் வெப்பம் குறையும்போது சீக்கிரமே மங்கத் தொடங்குபவற்றில் ஒன்று தெளிவாக முடிவெடுக்கும் திறன். வெளியே வந்து, தூங்கி எழுந்து, வீட்டாரோடு பேசிய பிறகு கேளுங்கள். எதைப் போடப் போகிறோம் என்று காட்டிக் கேளுங்கள். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்பதையும் சொல்லுங்கள்.

சிக்கியவரே பேச விரும்பும் நேரமும் உண்டு. 2023 செப்டம்பரில் துருக்கியின் மோர்ஜா குகையில் 1,000 மீட்டருக்கும் கீழே ஓர் அமெரிக்கருக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டது. சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் தேறியதும் அவரே உள்ளே இருந்து வீடியோவில் பேசி, மருந்து வந்து உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னார். அவரும் அனுபவமுள்ள குகை மீட்பாளர், தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர். அதைப் பகிர்வதில் தப்பே இல்லை. அவர் பெயர் உலகச் செய்திகளில் வந்ததுதான், ஆனாலும் இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குழந்தைகள் விஷயம் வேறு. தாம் லுவாங் சிறுவர்கள் உள்ளே இருந்தபடி பெற்றோருக்கு எழுதிய கடிதங்களைத் தாய்லாந்துக் கடற்படையின் சிறப்புப் பிரிவு தன் முகநூல் பக்கத்தில் வெளியிட்டது. ‘வாத்தியாரே, நிறைய வீட்டுப்பாடம் கொடுக்காதீங்க’ என்று அதில் ஒரு வரி இருந்ததைப் படித்து நானும் கண் கலங்கினேன். அந்தக் கடிதங்கள் ஒரு நாட்டுக்கே தைரியம் கொடுத்தன என்பது உண்மை. இருந்தாலும் அது அம்மா அப்பாவுக்கு எழுதியது, எனக்கு எழுதியது இல்லையே என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது. அதன் பிறகு ஜூலை 18 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பை மட்டும் நன்றாக நடத்தினார்கள். கேள்விகளை முன்கூட்டியே வாங்கி, மனநல நிபுணர்கள் பார்த்த பிறகே சிறுவர்களிடம் கேட்க விட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் பற்றிய பதிவில் பெற்றோர் சம்மதித்தாலும் முகமும் பெயரும் வேண்டாம். பெரியவரானதும் அவர் விரும்பினால் அவரே சொல்லிக்கொள்ளட்டும்.

படி 5: குகையின் இடம்

குகைக்கும் ஒரு தனியுரிமை உண்டு. கேட்க விசித்திரமாக இருந்தாலும் சட்டமே அப்படிச் சொல்கிறது: அமெரிக்காவில் 1988-இல் வந்த கூட்டாட்சிக் குகை வளப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் உள்ள முக்கியமான குகைகளின் இருப்பிடத்தைப் பொதுவாக வெளியே சொல்லக் கூடாது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். விபத்துச் செய்தி வந்ததும் வேடிக்கை பார்க்கவும், நானும் போய்வந்தேன் என்று காட்டவும் ஆட்கள் கிளம்புவார்கள். குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வவ்வாலை எழுப்பிவிட்டால் சேர்த்து வைத்த கொழுப்பை அது வீணாகச் செலவழித்து, வசந்தம் வரும் முன் செத்துப்போகலாம். நிலத்துக்காரர் கோபத்தில் வழியை அடைத்தால் எல்லாருக்கும் கதவு மூடிவிடும். அடுத்த விபத்தும் அதே இடத்தில் நடக்கலாம்.

ஆகவே பொதுப் பதிவில் மாவட்டம் அல்லது மலைத்தொடர் அளவுக்குச் சொன்னால் போதும். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த சுற்றுலாக் குகை என்றால் பெயரை மறைப்பதில் அர்த்தமில்லை, அங்கே மறைத்தால் வதந்திதான் வளரும்.

ஆனால் ரகசியம் எல்லை மீறினால் ஆளைக் கொல்லும். புதிதாகக் கண்டுபிடித்த குகையை யாருக்கும் சொல்லாமல் போய்வருகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்குச் சொல்கிறேன். போகும் முன் நம்பகமான ஒருவரிடம் ஒரு தாள் கொடுங்கள்: குகைவாய் எங்கே, எந்த வழியாக எதுவரை போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாலும் சரி. நேரத்தில் வந்துவிட்டால் திறக்காமலே திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

படி 6: சம்பவ அறிக்கை

இங்கேதான் நாம் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. அமெரிக்கத் தேசியக் குகையியல் சங்கம் குகை விபத்துகளைப் பற்றித் தனி வெளியீடே நெடுங்காலமாக நடத்திவருகிறது. அதைப் படித்துத் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். ஒரு கற்பனை உதாரணத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

முதல் வரைவு: ‘கடந்த சனிக்கிழமை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த 34 வயது ஆசிரியை, ரத்தக்கொதிப்பு உள்ளவர், செங்குத்தில் இறங்கும்போது பதற்றமாகிக் கயிற்றில் தவறு செய்ததால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.’

இதில் ஆளைப் பற்றி எல்லாம் இருக்கிறது, விபத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. இப்போது இதைப் பாருங்கள்:

‘சுமார் 20 மீட்டர் செங்குத்து. கயிற்றை நடுவில் பாறையோடு மறுபடி கட்டியிருந்த இடத்தைத் தாண்டும்போது, இறங்கியவர் இறங்கு கருவியைப் பூட்டாமல் கையை எடுத்தார். கருவி தானாகப் பிடித்துக்கொள்ளும் வகை அல்ல. 4 மீட்டர் கீழே இருந்த திட்டில் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. இந்தத் தாண்டலை அவர் அதற்கு முன் ஒரே ஒரு முறை, வெளியே பகல் வெளிச்சத்தில் செய்திருந்தார். ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் வெளியேறித் தகவல் சொல்ல 2 மணி 40 நிமிடம் ஆனது. அதுவரை ஈரப் பாறைமேல் கிடந்தார், கீழே விரிக்க யாரிடமும் எதுவும் இல்லை. மீட்புக் குழு வந்தபோது காயத்தைவிடக் குளிர்தான் அவசரப் பிரச்சினையாக இருந்தது.’

ஆள் மறைந்துவிட்டார், விவரம் இரண்டு மடங்காகிவிட்டது. படிப்பவர் உடனே தன் பையில் கீழே விரிக்க ஒரு மெத்தைத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்.

இடுப்பெலும்பு முறிவை ஏன் விட்டுவைத்தேன் என்றால், ஸ்ட்ரெச்சரை எப்படித் தூக்கினார்கள் என்பதற்கு அது தேவை. ரத்தக்கொதிப்பு எதற்கும் தேவையில்லை. உடல்நிலை விவரத்துக்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. சட்டம் உங்களைத் தொடாத இடத்தில் இருந்தாலும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். தேதிக்குப் பதில் ‘மழைக்காலம்’ என்று எழுதலாம், பால், வயது, தொழில், குழுப் பெயரை விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அடையாளத்தை மறைப்பதற்காக விவரத்தை மாற்றி எழுதாதீர்கள். 20 மீட்டரை 35 ஆக்குவது, ஒரு கருவியை வேறொன்றாக்குவது எல்லாம் பொய்த் தரவு, அதை நம்பி யாராவது முடிவெடுப்பார்கள். நீக்கலாம், மாற்றக் கூடாது.

வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் காட்டுங்கள். தவறான தகவலைத் திருத்தவும், தன்னை அடையாளம் காட்டும் வரியை நீக்கச் சொல்லவும் அவருக்கு முழு உரிமை உண்டு. காரணத்தையே வெளியிடாதே என்று சொல்லும் உரிமை இல்லை என்பது என் நிலைப்பாடு. இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு, அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அவர் கெஞ்சிக் கேட்டால் நான் இன்னும் சில மாதம் காத்திருப்பேன், வேறு சம்பவங்களோடு சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதுவேன், எழுதாமல் மட்டும் விடமாட்டேன்.

படி 7: பழி சொல்லும் கமெண்டுகள்

2024 டிசம்பரில் இத்தாலியின் புவேனோ ஃபொன்டேனோ குகையில் விழுந்து காயப்பட்ட ஒரு பெண் மூன்று நாளுக்கும் மேல் உள்ளே இருந்து மீட்கப்பட்டார். முந்தைய வருடமும் அதே குகையில் அவருக்கு விபத்து நடந்திருந்தது. அவர் செய்துகொண்டிருந்தது யாரும் அதுவரை போகாத பகுதியை வரைபடமாக்கும் வேலை. ஆனால் அவர் வெளியே வருவதற்குள்ளேயே, மக்கள் வரிப்பணத்தை வீணடிக்கிறார் என்று இணையத்தில் வசை கொட்ட ஆரம்பித்துவிட்டது. இப்படிப் பேசினால் அடுத்து சிக்குபவர் வெட்கப்பட்டு உதவி கேட்கத் தாமதிப்பார். மீட்பில் ஒரு மணி நேரத் தாமதம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

அட்மினாக இருப்பவர்கள் அறிக்கை வரும் வரை கமெண்டை மூடி வைக்கத் தயங்காதீர்கள். திறந்த பிறகு, ‘அந்தக் கருவியை அங்கே பூட்டாமல் விட்டது தவறு’ என்பதை அனுமதிக்கலாம், ‘இவருக்கெல்லாம் எதுக்குக் குகை’ என்பதை நீக்க வேண்டும். நீக்கியதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறார்கள் என்ற பேச்சு வரும்.

மீட்கப் போனவர்களையும் மறந்துவிடாதீர்கள். 2014-இல் ஜெர்மனியின் ரீஸென்டிங் குகை மீட்பில் 700-க்கும் மேற்பட்டவர்கள் ஈடுபட்டார்கள், 2021-இல் வேல்ஸில் நடந்ததில் சுமார் 300 பேர். அத்தனை பேருக்கும் கைபேசி இருக்கிறது, அத்தனை பேருக்கும் மனசும் இருக்கிறது. ‘உள்ளே என்ன பார்த்தாய்’ என்று அவர்களைத் தோண்டாதீர்கள். அவர்கள் பேசி ஆற்றிக்கொள்ளத் தனியாக ஒரு மூடிய இடம் வேண்டும், அங்கே பேசுவது அறிக்கைக்குள் வரக் கூடாது.

படி 8: மரணம்

2009-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நட்டி பட்டி குகையில் ஒருவர் தலைகீழாகச் சிக்கி இறந்தார். உடலை எடுக்க முடியாமல், அந்தக் குகையையே அவருடைய கல்லறையாக மூடிவிட்டார்கள். இன்றும் அவருடைய கடைசி மணி நேரங்களை வரைந்து காட்டும் காணொளிகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் சொன்ன ஐரோப்பியச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். இறந்தவருக்காகப் பேச வீட்டார்தான் இருக்கிறார்கள். எனவே அறிக்கையில் எப்படிச் சிக்கினார், எந்த முயற்சி ஏன் பலிக்கவில்லை என்பது வரை எழுதுங்கள். கடைசியாக என்ன சொன்னார், எப்படி அழுதார் என்பது எந்தக் கயிற்றையும் பலமாக்காது. அது வீட்டாருக்குச் சேர வேண்டியது, அவர்களிடம் சொன்னவரோடு நிற்கட்டும்.

படி 9: பழைய பதிவுகள்

பத்து வருடத்துக்கு முன் பதற்றத்தில் எழுதிய பதிவு இன்றும் தேடலில் மேலே வந்து நிற்கும். வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர், தன் பெயரைத் தேடினால் அந்த விபத்துதான் முதலில் வருகிறது என்று எனக்கு எழுதினார். எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. ஏன் அவர் கேட்கும் வரை காத்திருந்தேன் என்பதுதான் என் வருத்தம். இப்போது ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஆறு மாதம் கழித்து நாள்காட்டியில் ஒரு குறிப்பு போட்டு வைக்கிறேன். அன்று நேரடிச் செய்திகளையும் யூகங்களையும் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, அறிக்கையை மட்டும் அதே முகவரியில் வைக்கிறேன். பழைய இணைப்பைத் தட்டுகிறவர் நேராக அறிக்கைக்கு வந்துவிடுவார். மேலே ஒரு வரி மட்டும் இருக்கும்: ‘பெயர்களும் படங்களும் நீக்கப்பட்டுள்ளன, தொழில்நுட்ப விவரம் முழுமையாக உள்ளது.’